நான் – இந்தியா

ஜுபைலில் அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்குள்
பட்டாவைப் பார்த்துவிட நினைத்தேன்.
கிழக்கு வரப்பில் யாரோ
புதுக் கல் ஊன்றியிருப்பதாக
மச்சினன் சொல்லியிருந்தான்.

அரசாங்கத்தின் பக்கம் திறக்கவில்லை.
வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி
உங்கள் இடத்திலிருந்து அனுமதி இல்லை
என்று நின்றது.
என் இடம்:
இரும்புக் கட்டிலின் மேல் அடுக்கு,
தலைமாட்டில் பிளக், கால்மாட்டில் பெட்டி.

கீழ்க்கட்டில் பிரேம் தாப்பா போனை வாங்கினான்.
கிரிக்கெட் பார்ப்பதற்காகத்
தினம் ஒரு நாட்டுக்குப் போய்வருகிறவன்.
எதையோ இறக்கி, எதையோ அழுத்தி
இப்போது நீ மும்பையில் இருக்கிறாய் என்றான்.
பதினோரு வருடத்தில்
இவ்வளவு மலிவாக நான் கடல் தாண்டியதில்லை.
ஏசி அதே ஏசி.
ஜன்னலில் ஆலைச் சுடர் அதே சுடர்.

பக்கம் நம்பிவிட்டது.
எந்திரம் இல்லையென்று நிரூபிக்கச் சொல்லி
கோணல் எழுத்துகளை நீட்டியது.
இரண்டு முறை எந்திரமானேன்.
மூன்றாவதில் மனிதன்.
மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு
என்று ஒவ்வொரு அம்புக்குறியாகத் தட்டி
வாசல்வரை வந்துவிட்டேன்.
பதிவு செய்த எண்ணுக்கு
ஓடிபி அனுப்பியாயிற்று என்றது.

அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து
ஒன்றரை வருடம் ஆகிறது.

போனில் அது இன்னும்
'நான் – இந்தியா' என்ற பெயரில் கிடக்கிறது.
என்னை நானே அழைத்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தேன்,
ஒரு பெண்ணின் குரலில்.
பின்னால் ஏலச் சத்தம், லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

"இது என் நம்பருங்க."
"யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு
ஏழு மாசமா நெனச்சிட்டே இருந்தேன்."

தவமணி. பாலக்கோடு தக்காளி மண்டியில்
கணக்கு எழுதுகிறாள்.

"ஓடிபி வந்திருக்குங்க. ஆனா சொல்ல மாட்டேன்.
யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்கு."
"எனக்கு வந்ததும்மா அது."
"ஏமாத்துறவங்களும் அப்படித்தானே சொல்வாங்க?
மத்ததெல்லாம் சொல்றேன், கேட்டுக்கங்க.
போன மாசம் ரேஷன்ல துவரம்பருப்பு வாங்கல.
கேஸ் நேத்து வந்திருச்சு.
கரண்டு நானூத்திப் பத்து, கட்டியாச்சு.
அப்புறம், ஜெரோம் யாரு, உங்க பையனா?"

ஆமாம் என்றேன்.

"இன்று பள்ளிக்கு வரவில்லைன்னு வரும்.
போன மாசம் நாலு நாளு. இந்த மாசம் ஆறு.
எனக்கே பக்குனு இருக்கும்.
ஒரு தடவ மனசு கேக்காம
நானே ஸ்கூலுக்குப் பேசிட்டேங்க, காய்ச்சல்னு.
யாரு பேசுறதுன்னாங்க.
அத்தைன்னேன்."

முந்தின நாள் வீடியோவில்
சீருடையோடுதான் இருந்தான்.
நெற்றியில் வியர்வை, சட்டையில் செம்மண்.
விளையாட்டுப் பீரியடாப்பா என்றான்.
எங்கிருந்து பேசுகிறாய் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
அவனுக்கும் யாரோ
ஒரு பொத்தானைக் காட்டியிருக்கிறார்கள்.

அதற்குள் பக்கம் என்னை வெளியேற்றியிருந்தது.
அமர்வு முடிந்தது, மீண்டும் முயலவும்.
முயலவில்லை.
கல் எங்கே நின்றால் என்ன என்று
சொல்ல முடியாது, அது எங்கள் மூன்று செண்ட்.
ஆனாலும் அந்தக் காலையில்
முதலில் வீட்டுக்குத்தான் போட்டேன்.
எப்படித் தெரியும் என்று ஜெரோம் கேட்டான்.
பாலக்கோட்டு அத்தை சொன்னாள் என்றேன்.
நமக்கு அங்கே யாருமில்லையே, என்றான்.

போன புதன்கிழமை, உச்சி வெயில்,
ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் ஊற்றும்போது
சட்டைப்பை அதிர்ந்தது.
'நான் – இந்தியா' அழைக்கிறது.
கையுறையோடு தடவித் தடவி எடுத்தேன்.

"இன்னிக்கும் மெசேஜ் வரலைங்க" என்றாள்.
"அதச் சொல்லத்தான்."